இழுக்கிற நாயோடு பெங்களூரு தெருவில் நடப்பது எப்படி

நாய் லீஷை (நாம் கையில் பிடித்து நடக்கும் வாரை) இழுப்பதற்குக் காரணம் கொழுப்பும் இல்லை, உங்களை மதிக்காததும் இல்லை. இழுத்தால் காரியம் நடக்கிறது, அதனால் இழுக்கிறது. மரத்தடியில் ஏதோ வாசனை அடிக்கிறது; நாய் இழுக்கிறது; நீங்கள் பின்னாலேயே நாலு எட்டு ஓடுகிறீர்கள்; மூக்கு மரத்தில் பட்டுவிடுகிறது. இழுத்ததற்குக் கூலி கைமேல் வந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கிங்கிலும் இது பத்து முப்பது தடவை நடந்தால், நாய்க்கு இழுக்கக் கற்றுக்கொடுத்தது நாம்தான். 'யார் தலைவன் என்று அதற்குக் காட்டணும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைச் சிரித்துக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

உடம்புக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. நாலு கால் உள்ள பிராணிக்கு நம்முடைய நடை ரொம்ப மெதுவானது. தவிர, லீஷைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் நாய் விழாமல் நிற்க முன்னால் சாயும். நீங்கள் இறுக்க இறுக்க அதுவும் இறுக்கும். 6 மாதத்திலிருந்து 18 மாதம் வரை இது உச்சத்தில் இருக்கும், ஏனென்றால் அந்த வயதில் உடம்பு வளர்ந்துவிடுகிறது, பொறுமை வளர்வதில்லை. 30 கிலோ லாப்ரடாரைக் கைபலத்தால் அடக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஈரமான ஃபுட்பாத்தில் ஒரு நாள் அதை முயன்று பார்த்தால் போதும்.

ஆகவே விதி ஒன்றுதான்: லீஷ் விறைத்தால் ஓரடிகூட முன்னேற்றம் கிடையாது, தொய்வாகத் தொங்கினால் நடை உண்டு, மோப்பம் உண்டு, தீனி உண்டு. விதி சின்னது. ஆட்டோவும் தெருநாயும் கழன்ற ஸ்லாபும் உள்ள தெருவில் அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை.

என்ன வாங்குவது

லீஷ் 6 அடி நீளம், சுமார் 2 செ.மீ. அகலம், தட்டையான நைலான் அல்லது பருத்திப் பட்டை. ராட்வைலர் மாதிரி கனமான நாய்க்கு 2.5 செ.மீ. இரும்புச் செயின் வேண்டாம். அதன் எடையே கழுத்தில் எப்போதும் தொங்குவதால் விறைப்பு எது, தொய்வு எது என்று நாய்க்குப் பிரித்துத் தெரியாது. இழுத்தால் உங்கள் விரலையும் அறுக்கும். பொத்தானை அமுக்கினால் சுருண்டு நீளும் லீஷ் அதைவிட மோசம். அதில் கயிறு எந்நேரமும் லேசாக விறைத்தே இருக்கும், இழுத்தால் நீளும். நாம் ஒழிக்க நினைக்கிற பாடத்தையே அது சொல்லிக்கொடுக்கிறது. வாங்கும்போது கொக்கியைக் கவனியுங்கள். மலிவான வார்ப்புக் கொக்கிகள் சுழல்கிற இடத்தில் விட்டுப்போகும்.

ஹார்னஸில், அதாவது நாயின் நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டையில், இரண்டு வளையம் இருக்க வேண்டும், நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று. நெஞ்சு வளையத்தில் லீஷை மாட்டினால், நாய் பாயும்போது அதன் உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். முழு எடையையும் போட்டு இழுக்க முடியாது. முன்புறப் பட்டை Y வடிவில் இருக்கட்டும். தோள்களுக்குக் குறுக்கே நேராகப் போகும் பட்டை முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். அக்குளுக்கும் பட்டைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இல்லையென்றால் தோல் உரியும். வளர்கிற நாய் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளவைச் சரிபார்க்க வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் போன்ற வேட்டை நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இவற்றின் தலை ஒடுக்கமானது, கழுத்து கிட்டத்தட்ட அதே அகலம். சாதாரணக் கழுத்துப்பட்டை போட்டு, நாய் மிரண்டு பின்வாங்கினால், பட்டை உங்கள் கையிலும் நாய் ரிங் ரோட்டிலும் இருக்கும். இழுக்கும்போது அளவோடு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை இவற்றுக்குச் சரி. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பயந்த நாட்டு நாய்களும் ஹார்னஸிலிருந்தே பின்பக்கமாக உருவிக்கொண்டு ஓடிவிடும். கழுத்துப்பட்டையையும் ஹார்னஸையும் இணைக்கிற சின்ன வார் ஒன்று போட்டுவிட்டால் நிம்மதி.

கழுத்தை நெரிக்கும் செயினையும் முள்பட்டையையும் இன்னமும் கடையில் எடுத்து நீட்டுகிறார்கள். வாங்காதீர்கள். மூச்சுக்குழாய் அடிபடும், கண்ணில் அழுத்தம் ஏறும். இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. எதிரே இன்னொரு நாய் வரும்போதெல்லாம் கழுத்தில் வலித்தால், அந்த வலிக்குக் காரணம் எதிரே வரும் நாய்தான் என்று உங்கள் நாய் முடிவுகட்டிவிடும். விளையாடப் போக இழுத்துக்கொண்டிருந்தது கொஞ்ச நாளில் உறும ஆரம்பிக்கும்.

தீனியில் கஞ்சத்தனம் காட்டினால் பயிற்சி நகராது. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம், பட்டாணி அளவுக்கு நறுக்கினால் ஒரு நாளைக்குத் தாராளம். சைவ வீடென்றால் பனீர், அவித்த சர்க்கரைவள்ளி. நாயின் ஒரு நாள் உணவில் இந்த மாதிரித் தீனி பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிகம் தேவைப்படும் முதல் வாரங்களில் அதன் வழக்கமான உணவிலிருந்தே ஒரு பிடி எடுத்துக் கோழியோடு கலந்துகொள்ளுங்கள். வாசனை அதிலும் ஏறிவிடும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் விஷம். தீனியை இடுப்புப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் சரசரக்கும், நாய் தெருவைப் பார்க்காமல் கவரையே பார்த்துக்கொண்டு வரும்.

வீட்டுக்குள் ஒரு வாரம்

தெருவில் ஆரம்பிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. லீஷ் இல்லாமல், ஹாலில் ஆரம்பியுங்கள்.

முதலில் 'சரியாகச் செய்தாய்' என்று நாய்க்குச் சொல்ல ஒரே ஒரு குட்டிச் சொல் வேண்டும். 'எஸ்' போதும். 'சரி' வேண்டாம்; ஃபோனில் நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொல்லைச் சொல்லுங்கள், உடனே தீனி கொடுங்கள். இரண்டு நாளில் அந்தச் சொல்லைக் கேட்டதும் தலை உங்கள் பக்கம் திரும்பும். தாத்தா ஒரு சொல், பிள்ளைகள் ஒரு சொல் என்று வீட்டில் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் நாய் எதையும் பிடித்துக்கொள்ளாது.

அடுத்தது இடம். நாய் உங்கள் இடப்பக்கம் நடக்க வேண்டுமென்றால், தீனி இடக்கையால், பேன்ட்டின் பக்கத் தையலோரம், நாயின் வாய் உயரத்தில் போக வேண்டும். வலக்கையால் குறுக்கே நீட்டிக் கொடுத்தால் நாய் உங்கள் முன்னால் வந்து குறுக்கே நிற்கும். அடுத்த அடியில் அதன் மேல் தடுக்கி விழுவீர்கள். 'என் நாய் காலுக்குள்ளேயே வருது' என்று புலம்புகிறவர்கள் தீனி எந்தக் கையிலிருந்து போகிறது என்று பார்த்தாலே பாதி தீரும். நின்ற இடத்தில் ஐந்து துண்டு, ஓரடி வைத்து ஒன்று, இரண்டடி வைத்து ஒன்று. ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. அதற்குமேல் இளநாய்க்கு மனம் நிற்காது.

இதையே வலப்பக்கமும் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். ஃபுட்பாத் இல்லாத தெருவில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடந்தால், வண்டிகள் உங்கள் இடப்பக்கம் போகும். இடப்பக்கம் மட்டுமே பழகிய நாய் அப்போது ஸ்கூட்டர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கற்றது மறுபக்கத்துக்குத் தானாக வராது.

பத்துக்கு எட்டுத் தடவை சரியாக வந்தால் லீஷை மாட்டி அதே ஹாலில், பிறகு வராந்தாவில், பிறகு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டில். மத்தியான வேளை பேஸ்மெண்ட்டில் வண்டி நடமாட்டம் குறைவு. தூண்களைச் சுற்றி எட்டுப் போட்டு நடக்க வசதி. மொட்டைமாடி என்றால் கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால் மட்டும்.

வாசலிலேயே பாதி முடிவாகிவிடும்

ஹார்னஸைக் கையில் எடுத்ததும் நாய் ஆடித் தீர்க்கும். அந்த ஆட்டத்தோடு கிளம்பினால் கேட் வரைக்கும் இழுப்புதான். குதித்தால் ஹார்னஸை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போய் உட்காருங்கள். நாலு காலும் தரையில் நின்றால் மாட்டுங்கள். கதவை ஒரு சாண் திறங்கள். மூக்கை நுழைத்தால் மெல்லச் சாத்துங்கள், மூக்கில் இடிக்காமல். பின்வாங்கி நின்றால் திறங்கள். முதல் நாள் இதற்கே கால் மணி நேரம் ஆகலாம். ஆஃபீஸ் கேப் வாசலில் நிற்கிற நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

தெருவில்

லீஷின் வளையத்தை வலது கட்டைவிரலில் மாட்டி, விரல்களை மூடிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் சுற்றாதீர்கள், நாய் பாய்ந்தால் எலும்பு முறியும், அல்லது தோள் இறங்கும். இடக்கை லீஷின் நடுவில் லேசாகப் பிடித்திருக்கட்டும். நாய்க்கும் கைக்கும் நடுவில் லீஷ் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும்.

லீஷ் விறைப்பதற்கு ஒரு நொடி முன்னால் நாயைப் பாருங்கள். தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடும். காது முன்னால் நிமிரும். கழுத்து நீண்டு தலை தோளுக்கு நேராக இறங்கும். பின்னங்கால் நகம் தரையைக் கீறுகிற சத்தம் கேட்கும். அப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்த்தால் தீனி கொடுத்துவிட்டால் இழுப்பே நடக்காது. பழகியவர்கள் செய்வதெல்லாம் இந்த ஒரு நொடியைத் தவறவிடாமல் பிடிப்பதுதான்.

தவறிவிட்டால், விறைத்த கணமே நில்லுங்கள். ஒரு கால் முன்னே, முழங்கால் லேசாக மடங்க, இரண்டு கையும் தொப்புளோடு ஒட்டி. வெடுக்கென்று இழுக்காதீர்கள், திட்டாதீர்கள், கெஞ்சாதீர்கள். நாய் தலையைத் திருப்பினாலோ ஓரடி பின்னால் வந்தாலோ லீஷ் தொய்யும். 'எஸ்' சொல்லி நடையைத் தொடருங்கள். தீனியை அந்த இடத்திலேயே கொடுக்காதீர்கள். மூன்று நாலு அடி தொய்வாக நடந்த பிறகு, தையலோரம் கொடுங்கள். இங்கேதான் நிறையப் பேருக்குச் சறுக்குகிறது. நாய் இழுத்தது, திரும்பி வந்தது, தின்றது, மறுபடி இழுத்தது. இழு, வா, தின்னு என்று மூன்றையும் சேர்த்து ஒரே வித்தையாகக் கற்றுக்கொண்டுவிடும் அந்தக் கெட்டிக்கார நாய். நடந்ததற்குத்தான் கூலி, திரும்பி வந்ததற்கு இல்லை.

அரை நிமிடம் நின்றும் அது உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லையென்றால் அந்த இடம் அதற்கு இன்னும் தாங்காது. 'இப்படி வா' என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு வந்த வழியே திரும்புங்கள். சொல்லாமல் திரும்பினால் அது நாயை வெடுக்கென்று இழுத்ததாகிவிடும்.

முதல் நாட்களில் கேட்டிலிருந்து தெருமுனை கூடப் போய்ச் சேர மாட்டீர்கள். பரவாயில்லை, வீட்டு வாசலுக்கு முன்னால் இருபதடி போய் வந்தாலும் அது பயிற்சிதான். ஆரம்பத்தில் இரண்டடிக்கு ஒரு துண்டு. பிறகு ஐந்து, மூன்று, எட்டு, நாலு என்று மாற்றி மாற்றி. சீராக ஏற்றிக்கொண்டே போனால் நாய் கணக்கைக் கண்டுபிடித்து நடுவில் கைவிட்டுவிடும்.

இனி, வீடுதோறும் பயிற்சியைக் கெடுக்கிற வாக்கியம்: 'இன்னிக்கு மட்டும், நேரமாச்சு.' பத்துத் தடவையில் ஒரு தடவை மட்டும் இழுப்புக்குப் பலன் கிடைத்தால் நாய் விட்டுவிடாது. எந்தத் தடவை கிடைக்கும் என்று தெரியாததால் இன்னும் பிடிவாதமாக இழுக்கும். ஆனால் அபார்ட்மெண்ட்டில் வளரும் நாய் ஒன்றுக்குப் போயே ஆக வேண்டும், உங்களுக்கு எட்டரைக்கு மீட்டிங் இருக்கிறது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. பயிற்சி நேரத்தில் லீஷ் நெஞ்சு வளையத்தில். விதி முழுமையாக நடக்கும். அவசர நடையில் லீஷ் முதுகு வளையத்தில். விதி கிடையாது, எப்படியோ போய்விட்டு வாருங்கள். எங்கே மாட்டியிருக்கிறது என்பது நாய்க்கு உடம்பில் தெரியும். சில வாரத்தில் இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளும். வாக்கிங் கூட்டிப்போகும் பையனுக்கும் முதுகு வளையம்தான், குறிப்பாக அவர் ஒரே கையில் மூன்று நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவராக இருந்தால்.

மோப்பத்தை மறக்க வேண்டாம். நாய்க்குக் கோழியை விடப் பெரிய கூலி சில சமயம் அந்த மரத்தடிதான். ஐந்தாறு அடி தொய்வாக வந்தால் 'போ' என்று சொல்லி மரத்துக்கு அழைத்துப்போய் ஆசைதீர மோந்து பார்க்க விடுங்கள். 20 நிமிட நடையில் பாதி இதற்குப் போகட்டும். திறந்த மைதானத்தில் 5 மீட்டர் நீளக் கயிறு போட்டு விடலாம், முதுகு வளையத்தில் மட்டும். கழுத்தில் மாட்டினால் ஓடி முடியும் இடத்தில் கழுத்து வெடுக்கென்று இழுபடும்.

தெருநாய், வெயில், பிரியாணிக் கடை

பெங்களூரில் பயிற்சி முறிகிற இடம் பெரும்பாலும் தெருநாய்தான். உங்கள் தெருவில் எந்த முனையில் எந்தக் கூட்டம், யார் எத்தனை மணிக்குச் சோறு வைக்கிறார்கள் என்று நாயில்லாமல் ஒரு நாள் நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சோறு வைக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். 20 மீட்டர் தொலைவில் தெருநாயைப் பார்த்தும் உங்கள் நாய் தீனியை வாங்கித் தின்கிறது, 10 மீட்டரில் தின்ன மறுக்கிறது என்றால், பயிற்சி 20 மீட்டரில்தான். பார்த்தது, 'எஸ்', தீனி. வாரத்துக்கு ஓரிரண்டு மீட்டர் நெருங்கினால் போதும். நடுவில் நிறுத்தியிருக்கிற கார்களை மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள், நேராகப் போகாமல் வளைந்து போங்கள். பதற்றத்தில் லீஷைச் சுருக்கித் தூக்கினால் உங்கள் நாயின் முன்னுடம்பு நிமிர்ந்து சண்டைக்கு நிற்கிற மாதிரி எதிராளிக்குத் தெரியும்.

அவை கிட்டே வந்துவிட்டால் ஓடாதீர்கள். உங்கள் நாயை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, ஒரு பிடி தீனியை அவற்றின் முன் தரையில் இறைத்துவிட்டு, அமைதியாக விலகுங்கள். காது நுனி வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஆன நாய். பெரும்பாலும் தன் எல்லை வரைக்கும் குரைத்தபடி வந்துவிட்டு நின்றுவிடும். உங்கள் நாய்க்கு ரேபிஸ் ஊசி தவணை தவறாமல் இருக்கட்டும். யாரையாவது நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

ஃபிரேசர் டவுன், சிவாஜிநகர் பக்கம் கபாப், பிரியாணிக் கடை வாசலில் எலும்பு கிடக்கும். அங்கே கோழித் துண்டு செல்லாது. ஆரம்ப மாதங்களில் அந்தத் தெருவையே விடுங்கள். மழைக்காலத்தில் மின்கம்பத்தையும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியையும் நாய் நெருங்கக் கூடாது, மின்கசிவில் உயிரே போகும். மார்ச் முதல் மே வரை புறங்கையைத் தார்ச்சாலையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது. தீபாவளி வாரம் பயிற்சி கிடையாது. ஞாயிறு காலை கப்பன் பூங்காவில் நாய்க் கூட்டம் ஜேஜே என்று இருக்கும். அது கடைசிப் பரீட்சை, முதல் மாதத்தில் போனால் செய்த வேலை எல்லாம் வீண்.

கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் வீட்டில் கயிறு இழுத்தோ பந்து எறிந்தோ விளையாடினால் வெறி கொஞ்சம் அடங்கும். ராஜபாளையம் போன்ற ஓட்டக்கார நாய்க்கு இது போதாது. வாரம் ஒன்றிரண்டு முறை வேலி போட்ட மைதானத்தில் அவிழ்த்து ஓடவிட வேண்டும். ஸ்கூட்டரில் கட்டி ஓட்டுவது கூடவே கூடாது. பெரிய இன நாய்களின் எலும்பு வளரும் முனைகள் 12 முதல் 18 மாதம் வரை முழுதாக மூடி இறுகியிருக்காது. கட்டாய ஓட்டம் மூட்டைக் கெடுக்கும், இழுக்கவும் சொல்லிக்கொடுக்கும். நன்றாக நடந்த நாய் திடீரென்று பின்தங்கினாலோ, நொண்டினாலோ, லீஷ் மாட்டினால் இருமினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அமைதியான தெருவில் ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும். கலகலப்பான தெருவுக்கு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில், ஒன்பது பத்து மாத வயதில், எல்லாவற்றையும் மறந்ததுபோல ஒரு வாரம் இழுக்கும். கோபப்படாமல் இரண்டடிக்கு ஒரு துண்டு என்ற பழைய கணக்குக்குத் திரும்புங்கள். இரண்டாம் முறை சீக்கிரம் வரும். நெஞ்சு வளையத்திலிருந்து சாதாரணக் கழுத்துப்பட்டைக்கு மாற்ற நினைத்தால் முதலில் பேஸ்மெண்ட்டில் மாற்றிப் பாருங்கள், தெருவில் வேண்டாம். தீனியைக் குறைத்துக்கொண்டே வரலாம், ஆனால் பை காலியாகக் கூடாது. லாரி ஹாரனைக் கேட்டும் லீஷ் தொய்வாகவே இருந்த அன்றைக்குக் கொடுக்க நாலு துண்டு கோழி உள்ளே இருக்கட்டும்.